ஒழுகல் பதிவேடு

மூடும் நேரம் ஏழு.
கடைசிப் பேருந்து சாந்தாந்தேருக்குத் திரும்பியதும்
குகையை அணைக்கிறேன்.
முதலில் தீப்பந்தம்,
அதாவது ஆரஞ்சு விளக்கு, சின்ன மின்விசிறி, படபடக்கும் பட்டுத் துணி.
பிறகு குளிர், பதின்மூன்று டிகிரி.
கடைசியில் நீர் சொட்டும் ஒலி.

நாலு நொடிக்கு ஒரு சொட்டு.
ஐந்தாம் கூடத்து ஒலிபெருக்கியில் மட்டும்
பதினோராவது சொட்டுக்குப் பிறகு யாரோ இருமுவார்கள்.
பதிவு செய்த நாளில் அவனுக்குச் சளி போலும்.
எட்டு வருடமாகக் கேட்கிறேன்.
எந்தப் பயணியும் திரும்பிப் பார்த்ததில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு கல்விழுதுகள்,
ஏழே அச்சுகள்.
வாசலில் தொங்கும் மூன்றாம் அச்சு
குளத்தின்மேல் சற்றே திரும்பியபடி வரும்,
கழிப்பறை வளைவில் பாதி அறுபட்டு வரும்.
ரொட்டிக்கடை பெனில்தேயின் மூக்கு அதற்கு.
ஆகவே நாற்பத்து நான்கு பெனில்தேக்களையும்
ஈரத்துணியால் துடைக்கிறேன், வியாழன்தோறும்.

நிஜக் குகை மேலே இருக்கிறது,
அரைக் கிலோமீட்டர், இரும்புக் கதவு.
மாதம் இருவர் போவார்கள், முகமூடி போட்டு.
மூச்சுப் பட்டால்
சுவரிலுள்ள காட்டெருமைகளுக்குப் பச்சைப் பாசி கண்டுவிடுமாம்.
நான் இதே ஊர்க்காரி. உள்ளே போனதில்லை.
இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு விடலாம்,
பதினொரு யூரோ,
அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பாதி.

போன நவம்பர், விடாத மழை.
ஐந்தாம் கூடத்துக் கூரை மயிரிழை விரிசல் விட்டது.
நீர் சிமெண்டுக்குள் நுழைந்து
கொஞ்சம் சுண்ணாம்பைக் கடன் வாங்கி
காற்றைத் தொட்ட இடத்தில் திருப்பிக் கொடுத்தது.
ஒரு வெள்ளைப் புள்ளி.
பல்லி எச்சம் என்று துடைத்தேன்.
மறுவாரமும் இருந்தது.
கிறிஸ்துமசுக்கு ஓர் அரிசி நீளம்.
பிப்ரவரியில் சுண்டுவிரல்,
உள்ளே வைக்கோல்போல் துளை,
துளை நுனியில் ஒரு சொட்டு,
விழவா வேண்டாமா என்றபடி.

பொறியாளர் ஏவெலியோ ஏணியில் ஏறிப் பார்த்தார்.
"இது வரைபடத்தில் இல்லையே."
நிறமும் பொருந்தவில்லையாம்,
மற்றதெல்லாம் பிசினும் காபித்தூளும் பூசி
ஒரே வாரத்தில் இருபதாயிரம் வயதானவை.
இது அப்பட்டமான வெள்ளை.
சுத்தியல் தந்தார், அடைப்புப் பசை தந்தார்,
ஒழுகல் என்று பதிவேட்டில் எழுதச் சொன்னார்.

அன்றிரவு ஏணியில் நான்.
இந்தப் பக்கம் ஒரு பெனில்தே, அந்தப் பக்கம் ஒரு பெனில்தே,
நடுவே
யாரும் அச்சு வார்க்காத ஒன்று.
சுத்தியலைத் தூக்கும்போது சொட்டு விழுந்தது,
என் மணிக்கட்டில்.
சத்தமே இல்லை.
இத்தனை வருடம் நான் கேட்ட சொட்டுகள்
எத்தனை கூச்சல் போட்டன!

உடைத்தேன்.
வீட்டுக்கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி.
கையில் எடை தெரியவில்லை,
முட்டை ஓடு மாதிரி.
மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டேன்,
கண்ணாடி இப்போது சட்டைப் பையில் கீறல் விழுகிறது.

பசை பூசிய இடம் காய்ந்தது.
நீர் வேறு வழி கண்டுபிடித்தது,
ஒரு முழம் தள்ளி, மூன்று இடத்தில்.
எழுதவில்லை.
ஏவெலியோ பில்பாவோவில் வேறு குகை கட்டுகிறார்,
வரமாட்டார்.

நேற்று தொரெலவேகாவிலிருந்து ஒரு பள்ளிக்கூடம்.
வழிகாட்டி ஹிமேனா மூன்றாம் அச்சைக் காட்டி
"இதுபோல் ஒன்று வளர எத்தனை ஆயிரம் ஆண்டு, சொல்லுங்கள்?" என்றாள்.
எல்லாக் கைப்பேசிகளும் பெனில்தேயைப் பார்த்தன.
கடைசி வரிசையில் ஒருவன்
வாயைத் திறந்து அண்ணாந்து நின்றான், சும்மா,
பையன்கள் நிற்பதுபோல.
நாக்கில் விழுந்தது.
"டீச்சர், கசக்குது! மேலேயிருந்து தண்ணி!"

ஹிமேனா சிரித்தாள்.
"அது ஒலிப்பதிவு, கண்ணா. நிஜம் இல்லை."
எல்லோரும் சிரித்தார்கள்.
அவன் நாக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே
மேலே பார்த்தான், பிறகு
துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்தான்.

நான் இருமினேன்.
பதினோராவது சொட்டா என்று எண்ணவில்லை.

மாலையில் பதிவேட்டில்:
ஐந்தாம் கூடம். ஒலி சீராக உள்ளது.