இளஞ்சிவப்புக் கோடு

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
யாவாரம் மந்தமான மத்தியானத்தில்,
எங்களை மூன்றாவது மாடிக்கு வரச்சொன்னார்கள்.
ஜமுக்காளம் விரித்து நாற்பது பேர் உட்கார்ந்தோம்.
கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் மெல்லப் பேசினார்:
மூச்சைக் கவனியுங்கள். உள்ளே. வெளியே.
தீபாவளி நெருக்கடிக்கு இதுதான் மருந்து.
ஏசி நன்றாக இருந்தது.
ரகுமத் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.
முடிவில் ஆளுக்கொரு சமோசா.

இது ஐப்பசி. விடிந்தால் தீபாவளி.
விளக்குத்தூணிலிருந்து வருகிற கூட்டத்துக்குக்
கால் கிடையாது, தலைதான்.
நாலாம் நம்பர் பில் கவுண்டரில்
காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிறேன்.
மூச்சைத் தேடிப் பார்த்தேன்.
யாரோ கட்டைப்பைக்குள் போட்டு
எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

ஒரு அம்மா நைட்டிக்குத் தள்ளுபடி கேட்கிறாள்.
ஒருவர் எக்ஸ்எல் சட்டையை எல் என்று சாதிக்கிறார்.
கார்டு மிஷின் சிக்னல் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
சூப்பர்வைசர் முத்திருளாண்டி
"கையை வெரசா ஓட்டு தாயி" என்று
பத்து நிமிசத்துக்கு ஒருதரம் சொல்லிவிட்டுப் போகிறார்.
டிராயருக்குள் போன் அதிர்கிறது.
எடுக்கக்கூடாது. எடுக்காமலே தெரியும்:
அதிரசத்துக்கு வெல்லம், பயலுக்குச் சங்குசக்கரம்,
உசிலம்பட்டியிலிருந்து நாத்தனார் கிளம்பியாச்சு,
சீட்டுப் பணம், போனஸ் வந்ததா,
உனக்குச் சேலை எடுத்தியா இல்லையா.

ஏழே முக்காலுக்கு
பில் தாளின் ஓரத்தில் வந்தது இளஞ்சிவப்புக் கோடு.
உருளை தீரப்போகிறது என்று அர்த்தம்.
முதலில் லேசாக ஒரு முழம்,
பிறகு அழுத்தமாக,
பிறகு தாளே இல்லை.
"ரோல் மாத்தணும்" என்றேன்.
வரிசை அப்படியே நின்றது.
யாரும் கத்தவில்லை.
தாள் இல்லாத மிஷினிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

மூடியைத் திறந்தேன்.
உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது,
ரவை கருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாசம்.
காலிக் குழலை எடுத்தேன், பெருவிரல் பருமன்.
புது உருளை உள்ளங்கையில் குளிர்ந்து கனத்தது.
ஒட்டியிருந்த முனையை நகத்தால் நெம்பினேன்.
அது பிரிகிற சத்தம் கேட்டது.
அவ்வளவு இரைச்சலிலும் கேட்டது.
அதற்குப் பின்னாலேயே
வலது குதிகால் வலிப்பது தெரிந்தது, அப்புறம் இடது,
அப்புறம் தாகம்,
அப்புறம், யாரும் கூப்பிடாமல்,
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாற்போல் ஒரு மூச்சு.
நாற்பது நொடி இருக்கும்.
அதற்குள் தீபாவளி எங்கும் ஓடிவிடவில்லை.

மூடியை அழுத்தினேன். டக்.
அடுத்தவர் ரெண்டு சட்டையை நீட்டினார்.
அவர் கண்ணாடியின் ஒரு காது நூலால் கட்டியிருந்தது.
அன்றைக்கு நான் பார்த்த முதல் முகம் அது.

எனக்குள்ளும் அந்தக் கோடு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.
பயலை எதற்கென்று தெரியாமல் அறைந்த திங்கட்கிழமை,
சாம்பாரில் இருமுறை உப்புப் போட்ட வியாழன்.
கிழித்துக் கிழித்துக் கொடுத்தேனே தவிர
ஓரத்தைப் பார்த்தேனில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று
சொல்ல மாட்டேன்.
ஒன்பதரைக்கு ஒருத்தியிடம் எரிந்து விழுந்தேன்.
பன்னிரண்டரைக்கு ஷட்டர் இறங்கியது.
யானைக்கல் பாலத்தில் ஷேர் ஆட்டோ நின்று நின்று போனது.
செல்லூர்ப் பக்கம் ஒரு ராக்கெட் மேலே கிளம்பியது,
பாலத்துக்குக் கீழேயும் ஒன்று கிளம்பியது.
அப்படியென்றால் வைகையில் தண்ணீர் இருக்கிறது.

வீட்டில் நாத்தனார் உளுந்து ஊறப்போட்டிருந்தாள்.
வெல்லம் மறந்திருந்தேன். சேலையும் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல்.
முதல் சொம்பு சீட்டுப் பணத்தின் மேல் விழுந்தது.
இரண்டாவது, பார்சலில் திரும்பி வரப்போகும் சட்டைகளின் மேல்.
மூன்றாவதுதான் என் தலையில் விழுந்தது.
வெந்நீர். சீயக்காய். எரிகிற கண்.
யாரோ கதவைத் தட்டினார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று.

"ரோல் மாத்திக்கிட்டிருக்கேன்" என்றேன்.