யாருக்கும் இல்லாத இரண்டு நொடி

தம்பெரேயில், பழைய நூற்பாலைக்கு எதிரே
சாலையின் அகலம் பதினான்கு மீட்டர்.
மனிதர் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் நடப்பார்
என்கிறது விதிப்புத்தகம், கொஞ்சம் கூடக்குறைய.
ஆகவே கடப்பதற்குப் பன்னிரண்டு நொடி.

விதிப்புத்தகத்துக்கு இடுப்புவலி கிடையாது.

பிப்ரவரியில் மூன்று நாள்
பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தேன்,
கையுறைக்குள் ஸ்டாப்வாட்ச்.
சறுக்குவண்டியில் பிள்ளையை இழுத்துப்போன பெண்: பதினைந்து.
முட்டைத் தட்டுகளோடு, பனிக்கட்டியிடம் பேரம்பேசியபடி ஒரு பையன்: பதினாறு.
சக்கர நடைதாங்கியைத் தள்ளியவர்: பதினெட்டு.
கடைசி ஆறு நொடியும் அவர் கார்களைப் பார்க்கவில்லை,
காதால் நடந்தார்.

அந்த ஆறு நொடியைக் கேட்டேன்.
இல்மோ கணக்குப் போட்டான்:
தொண்ணூறு நொடிச் சுழற்சி, மணிக்கு நாற்பது முறை,
ஆறு நாற்பது இருநூற்று நாற்பது.
"மணிக்கு நான்கு நிமிடம் போச்சு. பாலம் வரைக்கும் வரிசை நிற்கும்.
டிராம் தாமதமானால் யாரைக் கேட்பார்கள்?"
அவன் கணக்கில் பிழையில்லை.
அதுதான் சிக்கல்.

இரண்டு வாரம் திரையில் பட்டைகளை நகர்த்தினேன்.
இடப்பக்கம் திரும்புவோருக்கு இருபது நொடி;
தரையில் புதைந்த கம்பிச்சுருள் எண்ணிச் சொன்னது,
காலை நெரிசல் ஓய்ந்தபின் மூன்று கார், நான்காவது அபூர்வம்.
அங்கே நான்கு நொடி கிடைத்தது,
துவைக்கப்போட்ட சட்டைப்பையில் சில்லறை மாதிரி.
பெரிய சாலையிடம் ஒன்று.
இன்னொன்றை எங்கே எடுத்தேன் என்று
இல்மோவுக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்றில் மட்டும் கைவைக்கவில்லை.
மஞ்சள் அணைந்து, அடுத்த பச்சை எரியுமுன்
எல்லாத் திசைக்கும் சிவப்பு, இரண்டு நொடி.
திரையில் அது வெற்றுக் கட்டம்.
சிக்கனம் பார்க்க வருகிறவர் விரல்
நேரே அங்கேதான் போகும்:
"இங்கே ஒன்றுமே நடக்கவில்லையே?"
ஆமாம்.
அங்கே ஒன்றும் நடக்காமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

நேற்றிரவு பதினொன்றரை, மைனஸ் இருபத்திரண்டு.
என் சைக்கிளைக் கம்பிச்சுருள் கண்டுகொள்ளவில்லை.
எதிர்ப்புறம் பொத்தானை அழுத்திவிட்டு
நாயோடு ஒருத்தி.
ஏரி வரைக்கும் ஒரு காரும் தெரியவில்லை,
ஆனாலும் நின்றோம், இந்த ஊர் வழக்கப்படி.
இதை வடிவமைத்த மடச்சி யாரென்று
முணுமுணுத்தேன், விடை தெரிந்தே.

ஆலைப் பக்கமிருந்து ஒரு வேன்.
மஞ்சளைப் பார்த்து பிரேக் பிடித்தார்;
பிரேக் பிடிக்கவில்லை.
யாரோ அலமாரியை நகர்த்துவதுபோல்
மெதுவாக, பக்கவாட்டில், சத்தமில்லாமல்
சிவப்புக்குள் வழுக்கி வந்தது,
ஆளில்லாத என் கட்டத்தைக் கடந்து
அந்தப் பக்கம் போய் நின்றது.

ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், சக்கரத்திடம் ஏதோ கேட்பவர்போல.
பச்சை எரிந்தது.
முதலில் நாய்தான் நடந்தது.

இன்று காலை அறிக்கையில்
நூற்பாலைச் சந்திப்பு, நிகழ்வுகள்: பூஜ்ஜியம்.
சைக்கிளைக் கண்டுகொள்ளாத கம்பிச்சுருள் பற்றி
ஒரு புகார் எழுதி அனுப்பினேன்.
மதியத்துக்குள் என் மேசைக்கு வந்துவிடும்.