பணிவிடுவிப்பு ஆணை, வரைவு மூன்று

கால்பந்துப் பயிற்சியாளர் லூர்துநாதனுக்கு
மூன்று முறை ஆணை அடித்திருக்கிறேன்.
முதலில் கோழிக்கோடு.
பிறகு கோவா.
இப்போது சென்னையில் ஒரு பல்கலைக்கழகம்:
புல்தரை, கோடு போட ஒரு இயந்திரம்,
கணுக்கால் சுளுக்குக்கென்றே ஒரு டாக்டர்.
சம்பளத்தை முதல்வர் வாய்விட்டுச் சொன்னபோது
எதிரில் நின்ற நான்
என் இருபத்திரண்டு வருட சர்வீஸை
மனசுக்குள் ஒருதரம் கூட்டிப் பார்த்தேன்.

இங்கே பதினெட்டாயிரம். தொகுப்பூதியம்.
மே மாதம் கிடையாது.
பில் போடுகிறவள் நான்.
கண்மாய்க்கரை ஓரத்துக் கார்னரில்
சீமைக்கருவேல முள் தைத்துச் செத்த பந்துகளுக்கும்
நான்தான் பில் போடுகிறேன்.
ஜூலையில் நான்கு. ஆகஸ்டில் ஏழு.
"ஏழா?" என்றார் தணிக்கைக்காரர்.
மறுநாள் லூர்துநாதன் முள்ளையே கொண்டுவந்து
மேசையில் வைத்தார், ஒரு விரல் நீளம்.
அதைக் கொண்டே வவுச்சரைக் குத்தி அனுப்பினேன்.

மூன்று வருடமாகக் கோப்பை எங்களுக்குத்தான்.
நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கிக்
கல்லூரிப் பெயர் சொன்னால்
ஷேர் ஆட்டோக்காரர் ஸ்கோர் கேட்கிறார்.
செயலர் மேடையில் சொன்னார்:
"லூர்து நம்ம வீட்டுப் பிள்ளை, எங்கயும் போகமாட்டாரு."
பொன்னாடை ஒன்று, குத்துவிளக்கு ஒன்று.
அவரை நிரந்தரமாக்கக் கேட்ட கோப்பு
அந்த விளக்கு வந்த அட்டைப்பெட்டிக்கு அடியில்
என் அலமாரியில் கிடக்கிறது.

கேன்டீனில் பந்தயம் நடந்தது.
மகனுக்கு ஒரு டேர்ம் ஃபீஸ்தான் கட்டியிருக்காரு,
அப்ப போயிருவாரு.
ஃபிரிட்ஜ் வாங்கியிருக்காருப்பா, இருப்பாரு.
அது தவணை. சென்னையிலயும் கட்டலாம்.
கணிதத்துறை சோலைமலை வடையை ஊதிக்கொண்டே சொன்னார்:
"அழகரே வண்டியூர் பாத்துட்டு மலைக்குத் திரும்பிர்றாரு,
இவரு எம்மாத்திரம்?"
அழகர் திரும்புவது சொந்த வீட்டுக்கு.
தூத்தூர்க் கடற்கரையில் பந்து உதைத்து வந்தவருக்குத்
திரும்பும் இடம் எது என்று
வடை தீரும்வரை யாரும் கேட்கவில்லை.

(என்மேல் யாரும் பந்தயம் கட்டியதில்லை.
இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட.)

கோல்கீப்பர் மொக்கச்சாமி
பஸ் பாஸுக்குக் கையெழுத்து வாங்க வந்தான்.
ஏற்கெனவே பாஸ் வைத்திருக்கிறவன்.
"மேடம், ஆர்டர் அடிச்சாச்சா?"
"ஆபீஸ் விஷயம். போ."
போகும்போது பிரிண்டரை ஒரு பார்வை பார்த்தான்,
பெனால்டி அடிக்க வருகிறவனைப் பார்ப்பதுபோல.

வெள்ளிக்கிழமை அவரே வந்தார்,
காலில் செம்மண், கையில் விசில் கயிறு.
போறீங்களா, இருக்கீங்களா சார்?
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:
"மழை வர்ற மாதிரி இருக்கு மேடம், கோடெல்லாம் அழிஞ்சிரும்.
சுண்ணாம்பு ரெண்டு மூடை பாஸ் பண்ணிருங்க."
எழுதிக்கொண்டேன்.

இருந்துவிட்டார்.
மாலைக்குள் கேன்டீனில் வேறு பேச்சு.
சென்னைக்காரன் வேணாம்னுட்டானாம்.
இண்டர்வியூல இங்கிலீஷ் வரலையாம்.
"சொன்னேன்ல" என்றார் செயலர்,
கோப்பைக் கேட்காமல்.

அக்டோபரில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் முதல் ஆட்டம்.
திண்டுக்கல்லிடம் இரண்டு கோல் வாங்கினோம்,
இரண்டாவது, மொக்கச்சாமியின் காலிடுக்கில்.
போகாதீங்க என்று கையைப் பிடித்த அதே ஆட்கள்
காலரியிலேயே சொன்னார்கள்:
"அப்பவே போயிருக்கலாம்ல மனுசன்."
எனக்கும் அப்படித் தோன்றியது.
அவர்கள் சொன்ன காரணத்துக்காக அல்ல.

மறுநாள் அலமாரியைத் திறந்து
அட்டைப்பெட்டியை நகர்த்திக் கோப்பை எடுத்தேன்.
கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லை.
மேலே வைக்கலாம். வைத்தேன்.
முதல்வர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

ஆணை இன்னும் கணினியில் இருக்கிறது, அழிக்கவில்லை.
தேதிக்கு விட்ட இடத்தில் ஒரு கோடு மினுங்கி மறைகிறது.
அதைச் சுருக்கிவிட்டு அடுத்ததைத் திறக்கிறேன்.
நவம்பர்: பந்து ஐந்து,
சுண்ணாம்பு ஒரு மூடை.