இளஞ்சிவப்பு

உக்னேவுக்கு வெள்ளை மட்டும்தான் சாப்பாடு.
பால், மோர், நூடுல்ஸ்.
ரொட்டியென்றால் ஓரம் நீக்கி.

பத்தொன்பது நாளாய்
பீட்ரூட் சூப் மேசைக்கு வருகிறது,
வந்தபடியே திரும்பிப் போகிறது.
கரண்டியில் விமானம் விட்டாயிற்று.
லஞ்சமும் பேசியாயிற்று.

இன்று வித்தேனிஸ் வாயே திறக்கவில்லை.
வேகவைத்த பீட்ரூட்டைத் துருவி
அவள் கிண்ணத்து மோரில்,
அவள் கண்ணெதிரே,
ஒரு சிட்டிகை போட்டான்.

வெள்ளைக்கு வெட்கம் வந்தது.

“இன்னும்” என்றாள்.
போட்டான்.
“இன்னும்.”
கவுனஸ் நகரத்து மூன்றாம் மாடியில்
யாரும் மூச்சு விடவில்லை.

விரலை விட்டுக் கலக்கினாள்.
அப்பாவுக்கு மீசை வரைந்தாள்,
கரடி பொம்மைக்கு இரண்டு.
பிறகு அந்த விரல்
துடைக்கத் துணி தேடாமல்
வாய்க்குள் போனது.

“நல்லாவே இல்லை”
என்றது வாய்.

விரல் அதற்குள்
கிண்ணத்துக்குத் திரும்பியிருந்தது.