மூன்றாம் வகுப்புக் காத்திருப்பறை

ஒரிவெசி ரயில் நிலையம், பின்லாந்து, மார்ச் 1918

நான் குதிரை மருத்துவன்.
கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று
இந்த மேசை ஓரத்தில் உட்கார்த்திவிட்டார்கள்.
மை உறைந்துபோகிறது.
இரண்டு வரிக்கு ஒருமுறை மைக்கூட்டை
அக்குளில் இடுக்கிச் சூடேற்றுகிறேன்.
இக்குறிப்பில் விட்டுப்போனதெல்லாம்
என் அக்குளின் குறை.

கைதி: யால்மரி கொக்கோ. செஞ்சேனைக் கம்பெனித் தலைவன்.
முன்னாளில் ஜாரின் படையில் லெப்டினன்ட்.
தோள்பட்டிகளை அறுத்தெடுத்த இடத்தில்
கோட்டுத் துணி இன்னும் வெளுக்காமல் இருக்கிறது.
எதிரே கேப்டன் எக்லுண்டின் கோட்டிலும்
அதே அளவில் இரண்டு வெளுக்காத துண்டுகள்.

லெப்டினன்ட் ரௌத்தவாரா தொடங்கினார்.
இருபத்துநான்கு வயது. ஜெர்மனியில் பயிற்சி.
கட்டளைகளை இன்னும் ஜெர்மனில் கனவு காண்பவர்.
"அதிகாரி என்றால் சத்தியம்.
தவறியவனோடு பேச என்ன இருக்கிறது?
சுவர் வெளியேதான் இருக்கிறது."

எக்லுண்ட் உப்புமீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.
"எந்தச் சத்தியம்?" என்றார், தலை நிமிராமல்.
"நான் ஜாருக்குச் செய்தேன், ரஷ்ய மொழியில்.
நீங்கள் கைசருக்கு.
மிஸ்ஸே ஆற்றுக்கு இக்கரையில் நான், அக்கரையில் நீங்கள்.
என் காது மடலைக் கொண்டுபோன குண்டு
உங்களுடையதாகக்கூட இருக்கலாம்.
இன்றைக்கு ஒரே பீப்பாய் மீன்."

"நான் அந்நியன் உப்பைத் தின்றது
இந்த நாட்டுக்காக."

"அதோ அவனும் அதையேதான் சொல்வான்.
கேட்டுப் பாருங்கள்."

மேஜர் கேட்டார், ஸ்வீடிஷில்.
நான் பின்னிஷில் எழுதினேன்:
உன் விசுவாசம் யாருக்கு?

கொக்கோ சற்று யோசித்தான்.
"மர ஆலைக் கூலிகள் எண்பத்தாறு பேர்.
யாரும் என்னிடம் சத்தியம் கேட்கவில்லை.
எப்படிப் பதுங்குவது, சொல்லிக்கொடு என்றார்கள்.
சொல்லிக்கொடுத்தேன்.
சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை போல.
பதினொரு பேர்தான் மிச்சம்."

இந்த இடத்தில் மை உறைந்தது.
நான் சூடேற்றிக்கொண்டிருக்கையில் நடந்த வாக்குவாதம்
குறிப்பில் இல்லை:
போன ஜாருக்குச் செய்த சத்தியம் எங்கே போய் நிற்கும்,
முகவரி மாறிய கடிதம் போல அலையுமா,
அல்லது செய்தவனிடமே திரும்பி வந்து
வாசலில் நிற்குமா.
ரௌத்தவாரா மேசையைத் தட்டினார்.
ஒரு தட்டு கீழே விழுந்தது. யாரும் குனியவில்லை.

கடைசியில் மேஜர் ஒரு சலுகை சொன்னார்.
அதிகாரியாக இருந்தவன் என்பதால்,
டிக்கெட் அறை, பத்து நிமிடம்,
ஒரு ரிவால்வர், ஒரே ஒரு தோட்டா.
எக்லுண்டின் முகத்தில் முதல்முறையாக நிம்மதி.
மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டோம்
என்று நினைத்திருப்பார்.

"சரக்குக் கொட்டகையில் என் ஆட்கள் இருக்கிறார்கள்.
அவர்களுக்கும் ஆளுக்கொரு அறை உண்டா?"

இல்லை என்று மேஜர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அப்படியென்றால் வரிசையிலேயே நிற்கிறேன்" என்றார் கொக்கோ.
எழுந்தார். விழுந்து கிடந்த தட்டை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
காவலனுக்கு முன்னால் நடந்து போனார்.

தீர்ப்பில் எக்லுண்ட் மூன்றாவதாகக் கையெழுத்திட்டார்.
காகிதத்தைக் கிழிக்கவில்லை.
நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறவும் இல்லை.
தட்டில் மிச்சமிருந்த மீனைத் தின்று முடித்தார்,
வால்வரை.

இரவெல்லாம் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.
கிணறு உறைந்திருந்தது.
குதிரைகளுக்கு உருக்கும் வாளியில்
பனியை அள்ளிப்போட்டு அடுப்பில் வைத்தேன்.
ஒரு கோப்பை. இன்னொன்று. மூன்றாவது.
ரௌத்தவாராவும் விழித்துத்தான் இருந்தார்,
இருட்டில் கை நீட்டினார். கொடுத்தேன்.

விடியப் போகும்போது
அடியில் மிஞ்சியிருந்ததை நான் குடித்தேன்.
நானும் அதே மீனைத்தான் தின்றிருந்தேன்.