நாதியே, நாதா

இரவு ஷிப்டில்
எண்ணெயின் அமிலம் பார்க்கும் இடைவெளிகளில்
கைப்பேசியில் ஸ்பானிஷ் படிக்கிறேன்.
கொலம்பியாவில் கம்பெனிக்குப் புது ஆலையாம்,
ஆய்வுக்கூடத்துக்கு ஆள் வேண்டுமாம்.
'புஷ்பலீலா போகட்டும்' என்றாராம் மானேஜர்,
விசாரணை முடிந்த மறு வாரம்.

பத்தாம் பாடம் மறுப்பு.
நாதா என்றால் ஒன்றுமில்லை.
லாபிஸ் கோயிலில்
அப்படி விளித்துத்தான் கும்பிடுகிறோம்.
நாதியே என்றால் ஒருவருமில்லை.
நாதி உண்டு என்றால் நமக்கோ
ஓடி வர ஒருவர் இருக்கிறார்.
கடல் தாண்டியதும்
சொல் தன் ஆளைத் தொலைத்துவிடுகிறது.

ஒற்றை இல்லை அவர்களுக்குப் போதாது.
'தெங்கோ நாதா' என்று எழுதினேன். சிவப்பு.
'நோ தெங்கோ நாதா' என்று எழுதவேண்டும்:
இல்லை, என்னிடம் ஒன்றுமில்லை.
இரண்டு இல்லைகளும்
ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல்
ஒரே மோட்டார் சைக்கிளில் போகின்றன.
நாதியே வாக்கியத்தின் வாசலில் வந்து நின்றால் மட்டும்
நோ தேவையில்லை.

நம்மிடம் அது நடக்காது.
ஆ லோக் கடைக் குழம்பில்
உப்பு இல்லாமலில்லை என்றால்
உப்பு இருக்கிறது.
மலாயில் பெலும் என்று ஒன்று உண்டு,
'இன்னும் இல்லை'.
மொஃபிசுலின் அண்ணன் டாக்காவிலிருந்து
நஷ்டஈடு கேட்டு அழைக்கும்போதெல்லாம்
கிராணி அதைத்தான் சொல்கிறார்.
இல்லையைவிட மெத்தென்ற சொல்.
அதில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

பயிற்சி, பதினான்காவது வாக்கியம்:
நாதியே வியோ நாதா.
யாரும் எதையும் பார்க்கவில்லை.

விரல் நின்றுவிட்டது.

அதிகாலை மூன்று பத்து.
நீராவி முழுதாய் இறங்குமுன் ஸ்டெரிலைசர் கதவைத் திறக்கச் சொன்ன குரல்
எனக்குத் தெரியும்.
ஒரு மஞ்சள் பூட்ஸ்
என் ஜன்னலுக்குக் கீழே வந்து விழுந்தது.
ஒன்றுதான்.
வாக்குமூலத் தாளில் பதினோரு கையெழுத்து,
எட்டாவது என்னுடையது.
பேனா மானேஜருடையது, நன்றாக எழுதியது.

யாரும், எதையும்.
இரண்டு மறுப்பையும் ஸ்பானிஷ்காரர்கள் கூட்டுகிறார்கள்.
நான் பெருக்கிப் பார்க்கிறேன்,
எங்கள் வீட்டுக் கணக்கில்:
ஒன்றும் பார்க்காதவர்
ஒருவருமில்லை.

கைப்பேசிக்கு இது தெரியாது.
நான் தட்டிய பழைய விடைக்குப் பச்சை காட்டுகிறது,
ஒரு நட்சத்திரமும்.

குடுவையில் சொட்டு கூடிப்போய்
இளஞ்சிவப்பு தாண்டி அடர்சிவப்பாகிவிட்டது.
இந்த மாதிரி செல்லாது.
கழுவிவிட்டு
முதலிலிருந்து தொடங்கவேண்டும்.