பொத்தான் ரோஜா, குருசுக்குப்பம்

ஒரே வீடு, இரண்டு மீட்டர்.
நடுக்கூடத்தில் எழுந்த சுவர்
முற்றத்தைக் கடந்து போய்
கிணற்றின் வாயையும் அரைவட்டமாக்கியிருந்தது.
மேற்குப் பாதி லெயொன்தீன்.
கிழக்குப் பாதி ஒதீல்.
அக்கா தங்கைக்குப் பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை.
இரு பக்கமும் போய்வருகிறவர்கள்
பூனையும் நானும்தான்.
நான் மின்துறை. பூனைக்குத் துறை கிடையாது.

செடி மேற்கில் இருந்தது,
துருப்பிடித்த வெண்ணெய் டின்னில்,
முழங்காலைத் தொடாத உயரம்.
பூ என் சட்டைப் பொத்தான் அளவு.
அதற்குள் இருபது இதழுக்கு மேல்.
முள் உண்டா என்று தடவிப் பார்த்தேன்.
இருந்தது, மரியாதைக்கு.

"அப்பா சொல்தா.
சைகோனிலிருந்து திரும்பும்போது
புகையிலை டப்பாவில் ஈரப்பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தார்"
என்றார் லெயொன்தீன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
நான் கேட்காமலே ஒதீல் சொன்னார்:
"சைகோனாவது!
அம்மாவின் சித்தப்பா ரெயூனியோன் தீவுக்குக்
கரும்பு வெட்டப் போனவர்.
வயிற்றுவலியும் இந்தச் செடியுமாகத் திரும்பினார்."

தாவரவியல் பூங்காவில் ஒருவரிடம் பூவைக் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
"சீனத்துக் குட்டை ரோஜா மாதிரி இருக்கிறது.
எந்தக் கப்பலில் வந்ததென்று
பூவில் எழுதியிருக்காதே."

அட்டையில் ரீடிங் குறிக்கும்போது
ஒதீல் கேட்பார், "எத்தனை?"
"நூற்றுப் பன்னிரண்டு."
"யூனிட்டைக் கேட்கவில்லை."
அடுத்த மாதம் எண்ணிக்கொண்டு வந்தேன்.
"பூ பதினேழு. மொட்டு ஒன்பது."
பிரெஞ்சில் மொட்டுக்கும் சட்டைப் பொத்தானுக்கும்
ஒரே சொல் என்றார், புத்தோன்.
அன்றைக்குக் காபி கிடைத்தது.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலை
லெயொன்தீன் பழைய பில் ஒன்றைத் தேடி உள்ளே போனார்.
பூத்து முடிந்த கிளை, பென்சில் கனம்,
கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு.
ரீடிங் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.
இருபத்தாறு வருட சர்வீஸில்
ஒரு யூனிட் திருடியவனில்லை.

காலாப்பட்டுச் செம்மண், பாதிக்குப் பாதி மணல்.
பீர் பாட்டிலை அடியறுத்து மேலே கவிழ்த்தேன்
(இந்த ஊரில் அதற்கா பஞ்சம்).
இழுத்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
இருபத்திரண்டாம் நாள் இழுத்துப் பார்த்தேன்.
செடி திருப்பி இழுத்தது.

ஒதீல் எதுவும் கேட்கவில்லை.
சமையலறை ஜன்னலில், மேற்கிலிருந்து தெரியாத மூலையில் வைத்தார்.
மீன் அலசிய தண்ணீர் விட்டார்.
முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டார்.
சிலந்திப்பேன் வந்த கோடையில்
இலைகளின் அடியைக் குழந்தைக்கு அக்குள் கழுவுவதுபோல்
ஒவ்வொன்றாகக் கழுவினார்.

பிறகு தானே.
கடல் தன் உப்பை வீட்டுக்கு வீடு விநியோகித்த இரவு.
ஊர் முழுக்க மீட்டர்கள் நின்றிருந்தன.
நான் மறுபடி போனபோது
வெண்ணெய் டின் கிணற்றடியில் கிடந்தது.
ஒட்டுச் செடியென்றால்
அடிக்கட்டையிலிருந்து காட்டு ரோஜாவாவது கிளம்பும்.
இது சொந்த வேரில் நின்றது, பட்டுப்போனாலும்
தானாகவே திரும்பி வரும் என்று
தைமாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றினார் லெயொன்தீன்.
உப்பு வேரையே தின்றிருந்தது.

மாசியில், சுவரைப் பார்த்தபடி கேட்டார்:
"அந்தப் பக்கம் உனக்கு எத்தனை நிமிஷ வேலை?"
"ஐந்து."
"பத்தாக்கிக்கொள்.
அன்றைக்கு நன்றாகத்தான் வெட்டியிருந்தாய். அதே சாய்வில் வெட்டு."

கிழக்கே போனேன்.
ஒதீல் என் முகத்தைப் பார்த்தார்.
பழைய பில் ஒன்றைத் தேட வேண்டும் என்று
உள்ளே போனவர்
வெகுநேரம் தேடினார்.
அலமாரி திறக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை
இரண்டு பக்கமும் ஒரே கேள்வி:
"அங்கே எத்தனை?"
மீட்டரில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
பூவில் மட்டும்
இருவரிடமும் இரண்டு குறைத்துச் சொன்னேன்.